இரண்டு மாத நாய்க்குட்டியை வீட்டுக்குப் பழக்குதல்

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளிலேயே எல்லா வீடுகளிலும் ஏறத்தாழ ஒரே புகார்கள்தான் எழும்: கூடத்தில் சிறுநீர் கழிக்கிறது, கையையும் காலையும் கடிக்கிறது, ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் இருப்பதில்லை. இவற்றை மூன்று தனிச் சேட்டைகளாகக் கருதி ஒவ்வொன்றுக்கும் ஓர் அதட்டலை வைத்திருப்பவர்கள் சில வாரங்களில் களைத்துப்போவார்கள். இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை உறங்க வேண்டிய உயிர். அதன் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. உலகத்தை அறிய அது மூக்கோடு வாயையும் பெரிதும் நம்பியிருக்கிறது. உறக்கத்துக்கும் உணவுக்கும் வெளியே போவதற்கும் நாம் நேரம் வகுத்துக்கொடுத்தால் மூன்று தொல்லைகளும் சேர்ந்தே குறையத் தொடங்கும். ஆகவே முதலில் பழக வேண்டியவர்கள் வீட்டிலுள்ள மனிதர்களே என்பது என் கருத்து.

சிறுநீர்ப் பழக்கத்திலிருந்து தொடங்குவோம். குட்டியின் வயதை மாதக் கணக்கில் எடுத்து அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வருவதே, பகலில் அது அடக்கிவைத்திருக்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம் என்று தோராயமாகக் கொள்ளலாம். இரண்டு மாதக் குட்டிக்கு அது மூன்று மணி. ஆனால் அது உறங்கும்போதுதான் பொருந்தும், விளையாடும்போது முக்கால் மணிக்கு ஒருமுறைகூடப் போக நேரிடும். உறங்கி எழுந்தவுடன், உணவு உண்ட ஐந்து முதல் இருபது நிமிடங்களுக்குள், விளையாடி முடித்தவுடன், இரவு படுக்கப்போகும் முன் ஆகிய நான்கு வேளைகளிலும் தவறாமல் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். தட்டில் எந்நேரமும் உணவை வைத்திருந்தால் மலம் கழிக்கும் நேரத்தைக் கணிக்க முடியாது. ஆகவே ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை குறித்த நேரத்தில் வைத்து, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் அது ஆபத்து.

'வெளியே' என்பது எது என்பதில்தான் நகரத்தில் சிக்கல் வருகிறது. தடுப்பூசித் தொடர் பொதுவாக 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்பட்டு, 16 வாரம் வரை நீளும். அதற்குள் குட்டியைத் தெருவில் பிற நாய்கள் மலம் கழிக்கும் இடங்களில் இறக்கிவிட்டால் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் தொற்றக்கூடும். அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கவல்லது. அதற்காகக் குட்டியை நான்கு மாத வயது வரை அறைக்குள்ளேயே அடைத்துவைத்தால், அது ஆட்டோ ஓசைக்கும் அறிமுகமில்லாத மனிதருக்கும் அஞ்சும் நாயாக வளரும். கொல்லையோ, பிற நாய்கள் வராத வாசலோ, மொட்டை மாடியோ இருந்தால் அதையே கழிப்பிடமாக்குங்கள். அடுக்ககத்தில் வசிப்பவர்கள் பால்கனியில் அகலமான தட்டொன்றில் மண்ணும் புல்லும் நிரப்பி வைக்கலாம். பின்னாளில் பூங்கா மண்ணில் கால் வைத்ததும் குட்டிக்கு வேலை விளங்கிவிடும். நாளிதழை விரிப்பது எளிது என்றாலும் நான் பரிந்துரைப்பதில்லை. காகிதம் என்றால் கழிப்பிடம் என்று படித்துக்கொண்ட குட்டி, வீட்டுப் பெரியவர் படித்துவிட்டுத் தரையில் வைத்த அன்றைய நாளிதழையும் அவ்வாறே கருதும். தெருவையும் மனிதரையும் காட்ட, தோளில் தூக்கிக்கொண்டு நாளும் ஒரு சுற்று நடந்து வந்தாலே போதுமானது.

கழிப்பிடத்துக்குக் குட்டியைக் கயிற்றில் கட்டியே அழைத்துச் செல்லுங்கள்; இல்லையேல் அது பட்டாம்பூச்சியைத் துரத்திவிட்டு, உள்ளே வந்து கூடத்தில் கழிக்கும். ஒரே இடத்தில் பேசாமல் நின்றுகொண்டு, அது குனியும்போது மட்டும் ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். 'போ' என்பதுபோல் வேறு பல இடங்களில் வழங்கும் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. கழித்து முடித்த இரண்டு நொடிக்குள், நின்ற இடத்திலேயே, கடலைப் பருப்பளவு வேகவைத்த கோழித் துண்டையோ முட்டையையோ கொடுங்கள். உள்ளே வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து கொடுத்தால், குளிர்ப்பெட்டிக்கு ஓடி வந்ததற்கான பரிசாகவே அது குட்டிக்குத் தோன்றும். கழித்தவுடன் உள்ளே இழுத்து வராமல் சில நிமிடம் அங்கேயே விளையாட விடுவதும் முக்கியம். கழித்தால் உல்லாசம் முடிந்துவிடும் என்று கண்டுகொண்ட குட்டி வேண்டுமென்றே தாமதிக்கும்.

வீட்டுக்குள் கழித்துவிட்டால் அதன் மூக்கை அதில் தேய்ப்பது பழைய வழக்கம். அதனால் குட்டி கற்றுக்கொள்வதெல்லாம் மனிதர் முன்னிலையில் கழிக்கக் கூடாது என்பதே. பிறகு அது சோபாவின் பின்புறத்தைத் தேர்ந்தெடுக்கும், வெளியே கொண்டுசென்றாலும் உங்கள் எதிரில் கழிக்காது. கழித்துக்கொண்டிருக்கும்போது கண்டால் மெதுவாகத் தூக்கி வெளியே விடுங்கள். முடிந்தபின் கண்டால் துடைத்துவிட்டு நேர அட்டவணையை நெருக்கமாக்குங்கள். நமக்கு நாறாவிட்டாலும் மிச்ச வாடை குட்டியை அதே இடத்துக்கு அழைக்கும். முதலில் துணியால் ஒற்றியெடுத்து, பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டுத் துடைப்பதே சரியான முறை. ஃபினாயில் வேண்டாம், அது வாடையை மறைக்குமே தவிர நீக்காது, ஈரத்தரையில் நடந்த குட்டி பாதத்தை நக்கினால் நஞ்சாகவும் ஆகும். சொட்டுச் சொட்டாக அடிக்கடி கழித்தால் அது பழக்கக் குறையாக இல்லாமல் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடிப்பதற்கு வருவோம். கடியின் வலிமையைக் கட்டுப்படுத்தும் பாடத்தைக் குட்டி தன் உடன்பிறப்புகளிடமே கற்கிறது: அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறினாலும், முப்பது நாற்பது நாள் குட்டிகள் இன்றும் கைமாறுகின்றன. அப்படி வந்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றிருக்கும். மிச்சத்தை நடத்துவது நம் பொறுப்பு. பல் கையில் பட்டால் கையை உதறி இழுக்காதீர்கள், இழுக்கப்படும் பொருள் குட்டிக்கு இரை. கையைத் தளர்த்தி அசையாமல் வைத்து, மறு கையால் கடிக்கத் தகுந்த பொருளை நீட்டுங்கள். அப்போதும் விடாவிட்டால், பேசாமல் எழுந்து, குட்டி வர முடியாதபடி கதவுக்கோ தடுப்புக்கோ அப்பால் சென்று அரை நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். வாயைப் பிடித்து மூடுவதும் மூக்கில் தட்டுவதும் விளையாட்டாகிவிடும், அல்லது கையைக் கண்டாலே அஞ்சும் நாயை உருவாக்கும்.

நம் வீடுகளில் இன்னொரு கவர்ச்சியும் உண்டு. புடவை முந்தானை, நைட்டியின் ஓரம், வேட்டி நுனி ஆகியவை நடக்கையில் அசைந்தால் எந்தக் குட்டியாலும் சும்மா இருக்க முடியாது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற வேட்டை இனக் குட்டிகளுக்கு இது கூடுதலான சோதனை. முதல் இரண்டு மாதங்கள் துணியைச் சற்று ஏற்றிச் செருகிக்கொள்வதே எளிய வழி. குழந்தைகளுக்கு, குட்டி பாய்ந்தால் ஓடாமல், அலறாமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மரம்போல் நிற்கக் கற்றுக்கொடுங்கள். இருவரையும் மேற்பார்வையின்றி ஒருபோதும் விடாதீர்கள்.

மாலை ஆறு ஏழு மணியளவில் குட்டி திடீரென்று வெறி பிடித்ததுபோல் ஓடி, யாரைக் கண்டாலும் கடிக்குமானால், பெரும்பாலும் அதற்கு ஓட்டம் போதாமல் போகவில்லை, உறக்கம்தான் போதவில்லை. ஒரு மணி நேரம் விழித்திருந்தால் உறங்க வைத்துவிட வேண்டும் என்ற கணக்கைக் கடைப்பிடித்ததும் இந்த மாலைக் கூத்து எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் பாதியாகக் குறைந்தது. மூன்றரை மாதம் முதல் ஏழு மாதம் வரை 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும்; ஈறு ஊறுவதால் அப்போது கடி மீண்டும் கூடும். குளிர்ந்த முழுக் காரட், நனைத்து முடிச்சிட்டு உறையவைத்த துணி ஆகியவற்றை நீங்கள் அருகிலிருக்கும்போது கொடுக்கலாம். வேகவைத்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கும் என்பதால் கூடாது. பழைய செருப்பும் கூடாது; பழையது எது, நேற்று வாங்கியது எது என்று குட்டிக்குத் தெரியாது. பல் பட்டுத் தோல் கிழிந்தால், குட்டிதானே என்று விடாமல், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது.

அமைதியாகப் படுத்திருப்பதையும் கற்பிக்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை. குட்டிக்கென ஒரு விரிப்பை ஒதுக்குங்கள். கோடையில் பஞ்சு மெத்தையை விட்டுவிட்டு அது வெறுந்தரைக்கே ஓடும் என்பதால் மெல்லிய பருத்தித் துணியோ சாக்கோ போதும். நீங்கள் அருகே அமர்ந்து, குட்டி தானாகப் படுக்கும் கணத்துக்காகக் காத்திருந்து, அதன் முன்னங்கால்களுக்கு இடையே ஒரு தீனித் துண்டைச் சத்தமின்றி வையுங்கள். உற்சாகமாகப் பாராட்டினால் எழுந்துவிடும். முதல் நாள் ஐந்து நொடிக்கு ஒரு துண்டு, பிறகு பத்து, பிறகு அரை நிமிடம் என்று இடைவெளியை நீட்டுங்கள். சில வெள்ளை ராஜபாளையம் குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. பின்னாலிருந்து கைதட்டியும் திரும்பாத குட்டியைச் சொல்லால் பழக்க முயலாமல் கைச்சைகையால் பழக்குங்கள்.

முதல் சில இரவுகளில் குட்டி அழுவது தாயைப் பிரிந்த அச்சத்தால்தான். வாசலில் கட்டிவைக்காமல், அதன் விரிப்பை உங்கள் படுக்கையருகே போட்டு, அழுதால் கையைத் தொங்கவிட்டு முகரக் கொடுங்கள். நள்ளிரவில் எழுந்து முனகினால் விளக்கைப் போடாமல், விளையாடாமல், கழிப்பிடத்துக்குக் கொண்டுசென்று திரும்புங்கள். விரிப்பில் பத்து நிமிடம் படுத்திருக்கப் பழகிய பிறகு அதே விரிப்பைச் சமையலறை வாயிலிலும், விருந்தினர் வரும்போது கூடத்திலும், மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும் விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு புதிய இடத்திலும் மீண்டும் ஐந்து நொடியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.