பெண்களுக்கான கோட் சூட்: வெட்டும் மேசையிலேயே நேரும் தவறுகள்

ஆண்களுக்கான பேட்டர்னை (துணி வெட்டுவதற்கான மாதிரி வரைவை) எடுத்து இரண்டு சைஸ் குறைத்தால் பெண்ணுக்கான கோட் தயார் என்று நினைப்பதுதான் மூலத் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

1966-இல் பிரெஞ்சு டிசைனர் ஈவ் சான் லோரான் பாரிஸில் 'லெ ஸ்மோக்கிங்' உடையைக் கொண்டுவந்தபோது, ஆண்கள் இரவு விருந்துக்குப் போடும் டக்சிடோவின் கறுப்புத் துணி, சாட்டின் லேப்பல் (காலரிலிருந்து மார்பில் மடிந்து விழும் பகுதி), பேண்ட்டின் பக்கவாட்டில் ஓடும் சாட்டின் பட்டை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார். வெட்டை மட்டும் மாற்றினார். காலருக்கு வளைவு கூடியது, இடுப்பு ஒடுங்கியது, கால் நீளமாகத் தெரியும்படி பேண்ட் அமைந்தது. இருபால் சாயல் கொண்ட தையலில் நான் எதிர்பார்ப்பது இந்த உழைப்பைத்தான்.

மார்புப் பகுதியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அங்கே இடம் தராமல் முன்பக்கத்தைத் தட்டையாக விட்டால், பட்டன் போட்டதும் லேப்பல் பிளந்து நிற்கும். கோட்டின் முன் ஓரம் மேலே தூக்கிக்கொள்ளும். அதைச் சரிசெய்யப் பளிச்சென்று தெரியும் பெரிய டார்ட் (உடல் வளைவுக்காகத் துணியை மடித்துப் போடும் தையல்) பிடித்தால், ஆண் கோட்டுக்குரிய அந்த அமைதியான முன்பக்கம் கெட்டுவிடும். தேர்ந்த கட்டர் டார்ட்டை லேப்பலுக்கு அடியில் திருப்பி ஒளித்துவிடுவார், அல்லது நீளவாக்குத் தையலுக்குள் கரைத்துவிடுவார். உடலுக்கு வேண்டிய இடமும் கிடைக்கும், கண்ணுக்கும் உறுத்தாது. இந்த ஒரு வேலையைப் பார்த்தே ஒரு டிசைனரின் தரத்தை மதிப்பிடலாம் என்பேன்.

அடுத்தது 'ஓவர்சைஸ்' மோகம். 1970-களில் இத்தாலிய டிசைனர் ஜோர்ஜியோ அர்மானி ஆண்களின் ஜாக்கெட்டிலிருந்து விறைப்பான உட்துணியையும் தோள் பேடையும் குறைத்து இளக்கினார். அந்த இளக்கத்தைப் பெண்களின் ஜாக்கெட்டுக்கும் கொண்டுவந்தார். அதைப் பார்த்து எல்லா இடத்திலும் தளர்த்திவிடுவது சரியல்ல. கோட் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் கைக்குழி (கை சேரும் வளைவு) அக்குளை ஒட்டி மேலே ஏறியிருக்க வேண்டும். அது இறங்கிவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் முழுக் கோட்டும் கூடவே எழும்பும். தோளும் முதலிலேயே சரியாக அமைய வேண்டும். இடுப்பையும் கை நீளத்தையும் பிறகு பிரித்துத் தைக்கலாம். தோளில் பிழை வந்தால் திருத்துவது பெரும்பாடு.

துணியில் சிக்கனம் பார்த்து, மெல்லிய பாலியெஸ்டருக்குத் தடித்த ஃப்யூசிங் (சூட்டில் ஒட்டும் உட்துணி) ஒட்டினால் சில சலவைகளிலேயே கொப்புளம் கிளம்பும்.

பாரிஸில் பெண்கள் ஆணுடை அணியப் போலீஸ் அனுமதி வேண்டும் என்று 1800-இல் போட்ட உத்தரவு செல்லாது என 2013-இல்தான் அரசு முறைப்படி அறிவித்தது. அத்தனை தடையைத் தாண்டி வந்த உடையை டை, தொப்பி, கைத்தடி எல்லாம் சேர்த்து வேஷமாக்கிவிடாதீர்கள். 'ரொம்ப ஆண்மையாகத் தெரிகிறதே' என்று பயந்து கோட்டின் மேல் லேஸ் ஒட்டுவதும் வேண்டாம். சான் லோரான்கூட மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டையை உள்ளேதான் போடவைத்தார். கோட்டை அதன் போக்கில் விட்டார்.

பேண்ட்டின் நீளத்தை முடிவு செய்யுமுன் செருப்பை முடிவு செய்யுங்கள். ஹீல் மாறினால் முன்மடிப்புக் கோடு விழும் விதமே மாறிவிடும்.