மூக்குடைபட்ட பக்கத்தைத் தாண்டாதீர்கள்: தன்வரலாறு படிப்பதில் நேரும் தவறுகள்

பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் தன்வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். அடிக்கோடு விழுந்த வரிகள் பெரும்பாலும் உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி பற்றியவையாக இருக்கும். ஆசிரியர் வழுக்கி விழுந்த பக்கத்தில் பென்சில் பட்டே இருக்காது. புத்தகத்தை டானிக் மாதிரி குடிக்க நினைப்பதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

காந்தியின் ‘சத்திய சோதனை’யையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்தவருக்குப் பம்பாயில் கிடைத்த முதல் வழக்கு மிகச் சாதாரணமானது. பீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன், வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, கட்சிக்காரர் ஜெயித்தாரா தோற்றாரா என்றுகூடப் பார்க்காமல் வெளியேறினார். அந்த வேறு வக்கீலுக்குக் கொடுத்தது 51 ரூபாய். பிறகு மாதம் 75 ரூபாய் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டார். பல்கலைக்கழகப் பட்டதாரி இல்லை என்று அதுவும் போயிற்று. இந்த 30, 51, 75 மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கப் பகுதிக்குள் போனால்தான், அங்கே ஒருவர் மெல்ல மெல்ல வக்கீலாவது தெரியும். நேரே ரயிலிலிருந்து இறக்கிவிட்ட காட்சிக்குத் தாவுகிறவருக்கு அது தெரியாது.

இரண்டாவது தவறு, பட்டியல்களைத் தாண்டுவது. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படிக்கிறவர்கள் நூல் பெயர்கள் வரிசையாக வந்தாலே கண்ணை ஓட்டிவிடுகிறார்கள். 1880 அக்டோபரில், கும்பகோணத்துக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் (கீழ்க்கோர்ட் நீதிபதி) சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் ஐயர். வயது 25. கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. சம்பளம் 50 ரூபாய். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று ஐயர் அடுக்குகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் வியப்பே இல்லை. புராணங்களைச் சொல்கிறார், கம்பராமாயணத்தைச் சொல்கிறார், ஒன்றும் எடுபடவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார் முதலியார். ஐயர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை.

பட்டியல் எவ்வளவுக்கு நீள்கிறதோ அவ்வளவுக்கு அடி பலமாக விழும்; சிரிப்பும் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. ஏழு வருஷம் கழித்து, 1887இல், சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர் அன்று மூக்குடைபட்ட அதே மனிதர்தான். அறுபது வருஷத்துக்குப் பிறகு அதை ஒளிக்காமல் தானே எழுதியதைத்தான் பெரிய ஊக்கம் என்று சொல்லவேண்டும்.

இதனால்தான் சுருக்கப் பதிப்பு ஆபத்து. சுருக்குகிறவர் கை முதலில் போவது இப்படிப்பட்ட பட்டியல் மேல்தான். கதை மிஞ்சும், நகைச்சுவை போய்விடும். வாங்குமுன் பொருளடக்கத்தைப் பாருங்கள்: ‘என் சரித்திரம்’ முழுப் பதிப்பில் 122 அத்தியாயங்கள், ‘சத்திய சோதனை’ ஐந்து பாகங்கள். இரண்டுமே வாரப் பத்திரிகைக்காக எழுதியவை, முன்னது ஆனந்த விகடனில், பின்னது குஜராத்தியில் நவஜீவனில். ஒரே மூச்சில் நூறு பக்கம் படித்தால் அலுக்கத்தான் செய்யும். நாளுக்கு இரண்டு அத்தியாயம் போதும், ஐயரை இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம்.

அடுத்தது, புத்தகம் எந்த வருஷத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் வாங்குவது. காந்தி எழுதத் தொடங்கியது 1925இல். கதை 1920ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. உப்பு சத்தியாக்கிரகம் எந்தப் பக்கம் என்று தேடி ஏமாறுகிறவர்கள் உண்டு, அது நடந்ததே 1930இல். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தின் முழு விவரத்துக்கும் அவர் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஐயர் 1942 ஏப்ரலில் காலமானதால் கதை 1899ஐ ஒட்டி அறுந்து நிற்கிறது. புறநானூறு (1894) பதிப்பித்தது உள்ளே இருக்கும். பதிற்றுப்பத்தும் குறுந்தொகையும் இருக்காது. மீதியைத் தெரிந்துகொள்ள மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப் பிரான்’ இருக்கிறது.

‘உண்மைக் கதை’ என்று அட்டையில் போட்டிருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் ஜெரால்ட் டரெல் தன் குடும்பம் 1935 முதல் கிரேக்கத்தின் கார்ஃபூ தீவில் வாழ்ந்த கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். அதில் அண்ணன் லாரன்ஸ் கல்யாணமாகாதவராக எல்லோரோடும் ஒரே வீட்டில் இருப்பார். நிஜத்தில் அவர் மனைவியோடு தனியே குடியிருந்தார். அந்த மனைவி புத்தகத்தில் வருவதே இல்லை. கால்நடை மருத்துவர் ஜேம்ஸ் ஹெரியட் என்பது புனைபெயர். அவர் எழுதிய டாரோபி ஊரும் வரைபடத்தில் கிடையாது, அவர் தொழில் செய்தது யார்க்‌ஷரின் தர்ஸ்க்கில். வேடிக்கைக்காக இப்படி மாற்றிச் சொல்வதை வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரேயைப் பொறுக்கவில்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டதாக அவர் 2003இல் வெளியிட்ட நூலில் 87 நாள் சிறையில் இருந்ததாகச் சொன்னார். சில மணி நேரம்தான் காவலில் இருந்தார் என்று 2006இல் அம்பலமாயிற்று.

இரண்டுக்கும் வித்தியாசம் எளிது. ஆசிரியர் தன்னைச் சின்னவனாகக் காட்டக் கதையை வளைத்தாரா, பட்ட கஷ்டத்தைப் பெரிதாக்க வளைத்தாரா என்று கேளுங்கள். பின்னதில்தான் வாசகர் ஏமாறுகிறார். ‘நான்’ என்று எழுதியதெல்லாம் தன்வரலாறு என்று நம்புவதும் கூடாது. அ.முத்துலிங்கத்தின் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ நாவல் என்றே வெளிவந்தது. தலைப்பே எச்சரிக்கை செய்கிறது.

சின்னச் சங்கதி ஒன்று: பழைய நூல்களில் வரும் வராகனையும் நாழிகையையும் மேலோட்டமாக விடாதீர்கள். வராகன் என்பது மூன்றரை ரூபாய், நாழிகை என்பது 24 நிமிடம். கணக்குப் போட்டால்தான் யார் கஞ்சன், யார் காத்துக்கிடந்தார் என்பது புரியும்.

கடையில் புதிய புத்தகம் எடுக்கும்போது முன்னுரையைப் படித்து முடிவு செய்யவேண்டாம். அங்கே எல்லோரும் அடக்கமானவர்கள். நடுவில் ஏதாவது மூன்று பக்கங்களைத் திறந்து, மனிதர்களுக்குப் பெயரும் பொருளுக்கு விலையும் இருக்கிறதா, ஆசிரியர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று பாருங்கள். சம்பவமே இல்லாமல் பொன்மொழியாக ஓடினால் வைத்துவிடலாம்.

கடைசியாக, சிரித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவது. பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார முடிதிருத்துபவர் காந்திக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். காந்தி கத்தரிக்கருவி ஒன்றை வாங்கி, கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஏதோ தேறியது, பின்பக்கம் கோரம். எலி கடித்துவிட்டதா என்று கோர்ட்டில் நண்பர்கள் கேட்டுச் சிரித்தார்கள். பலரும் இந்தக் கதையை இதோடு முடித்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழேயே காந்தி எழுதுகிறார்: அந்த முடிதிருத்துபவரைக் குற்றம் சொல்லமுடியாது, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைத்த நம் மக்களுக்கு முடிவெட்ட நம் ஊர் நாவிதரை நாம் மட்டும் விடுகிறோமா என்று.