ஹனுக்கா நாட்களின் ஈகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதர்களின் ஹனுக்கா திருநாள் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாளில் தொடங்கி எட்டு நாட்கள் நடைபெறுகிறது. நாம் பயன்படுத்தும் நாட்காட்டியில் அது நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ தொடங்கும். கி.மு. 164இல் அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட யூதர்களான மக்கபேயர் எருசலேம் ஆலயத்தை மீட்டு, தூய்மைப்படுத்தி, மறுபடியும் அர்ப்பணித்ததன் நினைவாக, இரவுதோறும் ஒரு சுடரைக் கூட்டி விளக்கேற்றுகிறார்கள். அன்று ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாட்கள் எரிந்ததாகச் சொல்லப்படும் அற்புதத்தை ஊரார் அறிய வேண்டும் என்பதற்காகவே அந்த விளக்கை வாசலிலோ சன்னலிலோ வைக்க வேண்டும் என்று யூத மரபு விதிக்கிறது. இந்நாட்களில் வறியவர்களுக்கு மிகுதியாகக் கொடுப்பதும் நெடுங்கால வழக்கமே. ஆனால் விளக்குக்கு உரிய இந்த விளம்பரத்தை ஈகைக்கும் உரியதாக எண்ணிக்கொள்வதால்தான் மிகப் பெரிய தவறு நேர்கிறது.

பொதுவிடத்தில் நிறுத்திய பெரிய விளக்குக்கு முன்னால், உதவிப் பெட்டியைப் பெற வந்த குடும்பத்தைப் பிள்ளைகளோடு நிற்கவைத்துப் படமெடுத்துப் பரப்புவதை எந்த நோக்கத்துக்காகவும் ஏற்க முடியாது. ஏழை ஒருவரின் வாசற்கதவு இடுக்கில் நாள்தோறும் நான்கு வெள்ளிக்காசுகளைப் போட்டுவிட்டுப் போகும் மார் உக்வா என்ற அறிஞரைப் பற்றி, யூதச் சட்டத்தையும் மரபையும் விளக்கும் பழம்பெரும் நூலான தால்முத் சொல்கிறது. கொடுப்பவர் யாரென்று பார்க்க அந்த ஏழை ஒருநாள் வெளியே வந்தபோது, மார் உக்வாவும் அவருடைய மனைவியும் ஓடிப்போய், நெருப்பை அப்போதுதான் வாரியெடுத்திருந்த அடுப்புக்குள் ஒளிந்துகொண்டார்கள். மார் உக்வாவின் கால்கள் சுட்டன. பிறரைப் பலர் முன்னிலையில் நாணச்செய்வதைவிட எரியும் சூளையில் விழுவது மேல் என்பதே தால்முத் அதற்குக் கூறும் காரணம். ஹனுக்கா எந்த ஆலயத்தை நினைவுகூர்கிறதோ, அந்த ஆலயத்திலேயே மறைவான அறை ஒன்று இருந்ததை, தால்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா குறிப்பிடுகிறது. பக்தியுள்ளவர்கள் அதில் யாரும் காணாமல் பொருள் வைத்துச் செல்ல, நற்குடியில் பிறந்து வறுமையுற்றவர்கள் யாரும் காணாமல் எடுத்துச் சென்றார்கள். நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய அமைப்புகள் எத்தனை பெட்டிகள் கொடுத்தோம் என்று எழுதினால் போதும், முகங்கள் தேவையில்லை.

அடுத்த தவறு, அரைகுறையாகக் கொடுப்பது. பிறர் தருமத்தில் வாழும் ஏழையும் கடன் வாங்கியோ தன் மேலாடையை விற்றோ ஹனுக்கா விளக்கை ஏற்ற வேண்டும் என்று யூதச் சட்டம் கூறுவதால், ஒரு குடும்பத்துக்கு விளக்குப் பொருட்களை வாங்கித் தருவது அதன் பெருஞ்சுமையைக் குறைக்கும் செயல். முதல் இரவில் ஒன்று, எட்டாம் இரவில் எட்டு என்று 36 மெழுகுவத்திகளும், மற்றவற்றை ஏற்றப் பயன்படும் துணை மெழுகுவத்தி இரவுக்கு ஒன்றாக எட்டும் சேர்த்து 44 வேண்டும். வீட்டில் மிஞ்சிய இருபதைக் கொடுத்தால் அந்தக் குடும்பம் ஆறாம் இரவிலேயே தவித்து நிற்கும். பிறந்தநாள் அப்பத்தில் செருகும் சிறு மெழுகுவத்திகளும் உதவா, ஏனெனில் சுடர் இருட்டியபின் அரைமணி நேரமாவது எரிய வேண்டும். வெள்ளிக்கிழமைதான் பலரும் மறப்பது: நெருப்பேற்றக் கூடாத யூத ஓய்வுநாள் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை) தொடங்குமுன், கதிரவன் மறைவதற்கு முன்பே அன்று விளக்கேற்றிவிடுவதால், வழக்கமான சிறு மெழுகுவத்தி இருட்டும் முன்னரே அணைந்துவிடும். அந்த ஒரு மாலைக்கென நீளமான மெழுகுவத்திகளையோ போதிய எண்ணெயையோ தனியாகச் சேர்த்து அனுப்புவதே முழுமையான உதவி.

உணவைப் பொறுத்தவரை, அன்போடு வீட்டில் சமைத்தது என்பதற்காகவே யாரும் அதை உண்டுவிட இயலாது. கோஷர் என்னும் யூத மத உணவுமுறையைக் காக்கும் குடும்பத்துக்குச் சமைத்த பாத்திரமும் அடுப்பும்கூடக் கேள்விக்குரியவை. ஆகவே அக்குடும்பம் ஏற்கும் கோஷர் முத்திரை கொண்ட, பிரிக்கப்படாத பொட்டலங்களையே வாங்க வேண்டும்; எந்த முத்திரை என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

எட்டு நாட்களுக்குள் ஓர் ஓய்வுநாளாவது கட்டாயம் வரும், சில ஆண்டுகளில் இரண்டு வரும். அன்று பணத்தைத் தொடாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிக் காசு நீட்டுவது அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்தும். கொடுப்பதை வெள்ளி முற்பகலிலேயே கொடுத்துவிட வேண்டும். உண்டியலை விளக்கின் அருகே வைத்து அந்த ஒளியிலேயே காசை எண்ணுவதும் தவறு. ஹனுக்கா விளக்கின் முன் காசு எண்ணுவதைத் தால்முத் தடுக்கிறது.

கணக்கிலும் குழப்பங்கள் நேர்கின்றன. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வறியவர்களுக்கென ஒதுக்கும் பழக்கமுடையவர்கள், தம் வீட்டு விளக்குக்கான எண்ணெயையும் தம் பிள்ளைகளுக்குத் தரும் ஹனுக்கா காசையும் அந்தப் பங்கிலிருந்து எடுப்பதுண்டு; அது ஏழையின் பங்கு. ஏழைகள் இருவருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாய விதி பூரிம் திருநாளுக்கு உரியது, அதை ஹனுக்காவுக்கு மாற்றிச் சொல்வது சரியன்று.

பணத்தோடு நின்றுவிடுவதையும் நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். தருமம் பொருளால் மட்டுமே நிகழ்கிறது, அன்புச்செயலோ உடலுழைப்பாலும் நிகழ்கிறது, வறியவருக்கும் செல்வருக்கும் உரியது என்று தால்முத் அன்புச்செயலையே உயர்த்திக் கூறுகிறது. தனியே வாழும் முதியவரிடம் சென்று அமர்ந்திருப்பது அத்தகையது. ஆனால் கை நடுங்குகிறதே என்று அவரைக் கேளாமல் விளக்கை நாமே ஏற்றிவிடக் கூடாது. அந்தக் கடமை அவருடையது.

யூத அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் வகுத்த ஈகையின் எட்டுப் படிகளை எட்டு இரவுகளோடு இணைத்துக் கற்பிப்போர் உண்டு. அவர் ஹனுக்காவை எண்ணி அவற்றை வகுக்கவில்லை என்றாலும், படிகளின் வரிசையை அறிவது நன்று. முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. ஒருவர் பிறரிடம் கையேந்தும் நிலைக்கே வராதபடி கடனோ வேலையோ தொழிற்கூட்டோ தந்து தாங்குவது முதற்படி. நியூயார்க்கில் 1892இல் தொடங்கப்பட்ட எபிரேய வட்டியில்லாக் கடன் சங்கம் இந்த முதற்படியில் நின்றே இன்றும் இயங்குகிறது. திருநாள் முடிந்தபின் வடநாடுகளில் குளிர் மாதங்கள் இன்னும் எஞ்சியிருக்கும், வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் செலவு ஏறிக்கொண்டே போகும். எட்டு நாட்களுக்குள் எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிடாமல், ஒரு பகுதியை இத்தகைய கடன் நிதியில் சேர்த்தால், அது திரும்பி வரும்போதெல்லாம் வேறொருவருக்கு உதவப் போகும்.