காலியாக இருக்கும் தளத்தைப் பகிர்வுப் பணியிடமாக மாற்றுவது எப்படி?

சென்னையில் கிண்டியிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ அலுவலகக் கட்டடம் வைத்திருப்பவர்கள், காலியாகக் கிடக்கும் ஒரு தளத்தைப் பல சிறு நிறுவனங்கள் சேர்ந்து பயன்படுத்தும் கோ-வொர்க்கிங் இடமாக மாற்றலாமா என்று யோசிப்பது இப்போது இயல்பாகிவிட்டது. பெரும்பாலானோர் இதை உள் அலங்கார வேலையாகக் கருதி, வரைபடத்தில் எத்தனை மேசை போடலாம் என்ற கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கட்டடம் எத்தனை பேருக்கு இடம் கொடுக்கும் என்பதே.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அலுவலகக் கட்டடங்களின் வெளியேறும் வழிகளைக் கணக்கிடும்போது ஆளுக்கு 10 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 108 சதுர அடி, என்று வைத்துக்கொள்கிறது. பகிர்வுப் பணியிடத்திலோ 60 சதுர அடிக்கு ஓர் இருக்கை போடுவது சாதாரணம். அப்படியானால், 10,000 சதுர அடித் தளத்தில் 90 பேரை எண்ணிக் கட்டிய படிக்கட்டும் லிஃப்டும் கழிப்பறையும் 160 பேருக்கு மேல் ஈடுகொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கட்டடப் பொறியாளரைக் கொண்டு படிக்கட்டின் அகலத்தையும் அவசர வழிகளையும் மறுபடி கணக்கிட்டு, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று புதிய அமைப்புக்கும் பொருந்துமா என்று உறுதிசெய்த பிறகே தச்சரை அழையுங்கள். மின்வாரியம் ஒப்பளித்த மின்சுமை, ஜெனரேட்டரின் திறன், இருசக்கர வாகனம் நிறுத்தும் இடம் ஆகியவற்றையும் அதே எண்ணிக்கையை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது காற்று. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறதே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. எட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசும் கூட்ட அறையில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மதியத்துக்கு மேல் வரும் தலைபாரத்தைச் சாப்பாட்டின் மேல் போடுகிறோம். வெளிக்காற்றை இழுத்துவரும் தனிக் குழாயும் விசிறியும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, விலையுயர்ந்த கண்ணாடித் தடுப்பு போட்டும் பக்கத்து அறையில் பேசுவது கேட்கிறது என்ற குறை எங்கும் உண்டு. தடுப்பு பொய்க்கூரையோடு நின்றுவிட, ஒலி அதற்கு மேலுள்ள வெற்றிடத்தின் வழியே அடுத்த அறைக்குள் இறங்குவதே பெரும்பாலும் காரணம். தடுப்புச் சுவரை மேல்தளக் கான்கிரீட் வரை கொண்டுசென்று, வயர் நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிட்டால் பாதிப் புகார் எழாது.

இடத்தை யார் நடத்துவது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு: நடத்துநர் நிறுவனத்துக்கு நிலையான வாடகைக்கு விடுவது, வருமானத்தில் பங்கு பேசிக்கொள்வது, நீங்களே நடத்துவது. முதல் வழி பாதுகாப்பானது போலத் தோன்றும். எனினும் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து மாதக் கணக்கில் உள்வாடகைக்கு விடுபவரின் கையில் இருக்கைகள் காலியானால், அந்தச் சுமை கட்டட உரிமையாளர் வரை வந்து சேரும். 2023 நவம்பரில் அமெரிக்காவில் வீவொர்க் என்ற பகிர்வுப் பணியிட நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியபோது, நீண்ட குத்தகைகளே அதன் பெரும் பாரமாக இருந்தன. என் கணிப்பில், முதல்முறை இறங்கும் உரிமையாளருக்கு, அடிப்படை வாடகையைக் குறைவாக வைத்து அதற்கு மேல் வருமானப் பங்கு பேசிக்கொள்வதே ஏற்றது.

இணையத்துக்கு இரு வேறு நிறுவனங்களின் இணைப்புகளை, முடிந்தால் இரு வேறு பாதைகளில், கொண்டுவருவதோடு, ஒவ்வொரு வாடிக்கையாளரின் நெட்வொர்க்கையும் பிரித்து வைக்க வேண்டும். 2022இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாட்கள் பாதுகாக்க வேண்டியிருப்பதால், அந்தப் பொறுப்பு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் தனக்கென உள்ளகப் புகார்க் குழு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் இடம்பெறட்டும்; ஒரே தளத்தில் இருப்பதால் ஒரே குழு போதும் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள்.

பலர் இருக்கைக்காக மட்டுமல்ல, முகவரிக்காகவும் வருவார்கள். ஜிஎஸ்டி பதிவுக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம், ஒப்பந்தம், மின் கட்டண ரசீது ஆகியவை தேவைப்படும் என்பதால் அவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது. நிறுவனங்கள் தம் பெயர்ப்பலகையை அலுவலக வாசலில் வைக்க வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. எனவே நுழைவாயிலில் அதற்கென ஒரு சுவரை ஒதுக்கி, அறைகளுக்குத் தனித்தனி எண் கொடுங்கள். ஒரு நிறுவனம் காலி செய்யும்போது, ஜிஎஸ்டி பதிவிலும் நிறுவனப் பதிவாளரிடமும் முகவரியை மாற்றிய சான்றைக் காட்டிய பிறகே முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் அவர்கள் பெயருக்கு வரும் வரி நோட்டீஸ்களைப் பல மாதங்களுக்கு உங்கள் வரவேற்பாளரே வாங்கிக்கொண்டிருப்பார்.