ஏரித் தண்ணீரில் ஆக்சிஜன் அளப்பது: பாட்டில் பிடிப்பதில்தான் பாதி வேலை

சேலத்தில் ஒரு கல்லூரி வேதியியல் லேபில் பல வருஷம் உதவியாளராக இருந்தேன். கரைந்த ஆக்சிஜன் கணக்கு தப்பாகப் போன மாணவர்கள் எல்லோரும் பியூரெட்டைத்தான் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) குறை சொல்வார்கள். தப்பு பெரும்பாலும் ஏரிக்கரையிலேயே நடந்திருக்கும்.

பக்கெட்டில் மொண்டு பாட்டிலில் ஊற்றினால், ஊற்றும்போதே காற்று தண்ணீரில் கலந்துவிடும். அதனால் 300 மில்லி பிஓடி பாட்டிலோடு (ஆக்சிஜன் சோதனைக்கான, இறுக்கமான கண்ணாடி மூடி உள்ள பாட்டில்) நீங்களே முழங்கால் ஆழத்துக்கு இறங்குங்கள். கால் பட்டுக் கலங்கிய தண்ணீர் தெளியட்டும். பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, சத்தமில்லாமல் நிரம்ப விடுங்கள். உட்பக்கம் ஒட்டிய குமிழி போகும்வரை விரலால் தட்டுங்கள். கண்ணாடி மூடியையும் தண்ணீருக்குள்ளேயே போடுங்கள். மேலே எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கடுகளவு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை கொடுத்ததில்லை. தண்ணீரின் வெப்பநிலையை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் கூடாமல் குறையாமல் இருக்க, அதை மருந்தோடு சேர்த்துக் கரையிலேயே கட்டிவிட வேண்டும். ஹங்கேரிக்காரர் லாயோஷ் விங்க்ளர் 1888-ல் சொன்ன வழி இது. மாங்கனீஸ் சல்பேட் 1 மில்லி, அடுத்து அசைடு (சோடியம் அசைடு என்ற உப்பு) சேர்த்த கார அயோடைடு 1 மில்லி. பிப்பெட் நுனி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். மூடிப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. படிவு பாதி பாட்டிலுக்கு இறங்கியதும் இன்னொரு முறை கலக்கி, மறுபடி இறங்க விடுங்கள். பிறகு அடர் கந்தக அமிலம் 1 மில்லி. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். படிவு கரைந்து தேன் நிறம் வரும். அது அயோடின், எவ்வளவு ஆக்சிஜன் இருந்ததோ அதற்குச் சமமான அயோடின். ஏற்காட்டில் எடுத்த மாதிரியை 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி லேபுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், வெயில் படாமல் பெட்டியில் வைத்து அன்றைக்கே டைட்ரேஷன் (பியூரெட்டிலிருந்து கரைசல் விட்டு அயோடினை அளப்பது) செய்துவிடுங்கள்.

லேபில் 201 மில்லியைக் கூம்புக் குடுவையில் எடுங்கள். ஏன் 201? முதலில் சேர்த்த 2 மில்லி மருந்து அதே அளவு தண்ணீரை வெளியே தள்ளியிருக்கும். அந்தக் குறையைச் சரிக்கட்டி, 200 மில்லி அசல் ஏரித் தண்ணீர் கிடைக்க. 0.025 நார்மல் செறிவுள்ள ஹைப்போவை (சோடியம் தயோசல்பேட் கரைசல்) பியூரெட்டிலிருந்து விட்டு, வைக்கோல் நிறத்துக்கு வெளுத்த பிறகே ஸ்டார்ச் சேருங்கள். மிச்ச அயோடினோடு சேர்ந்து அது நீலமாகும். நீலம் முதல்முறை மறையும் இடம்தான் முடிவு. கொஞ்ச நேரம் கழித்து நீலம் திரும்ப வரும், அதைத் துரத்தாதீர்கள். ஹைப்போ 6.4 மில்லி செலவானால் லிட்டருக்கு 6.4 மில்லிகிராம் ஆக்சிஜன். வேறு கணக்கு வேண்டாம். ஆனால் ஹைப்போ நாளாக நாளாக வலு குறையும், செறிவு தெரிந்த பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவி ஏற்காடு மலைத் தண்ணீரில் 20 டிகிரியில் 7.5 வந்ததைப் பார்த்து, "9.1 இருக்கணுமே, தண்ணி கெட்டுப்போச்சாக்கா?" என்று கவலையோடு கேட்டாள். 9.1 என்பது கடல்மட்டக் கணக்கு. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, அதனால் அந்தக் குளிரில் தண்ணீர் பிடித்துவைப்பதே ஏறக்குறைய 7.6தான். அவள் அளந்தது கிட்டத்தட்ட நிறைவான தண்ணீர். ஆக்சிஜன் மீட்டர் கருவி வைத்து அளப்பவர்களும் மலையேறினால் அழுத்தத்தைத் திருத்தாமல் அளக்கக்கூடாது.

நேரத்தையும் எழுதுங்கள். சேலத்துப் பக்கம் பச்சைப் பாசி படர்ந்த ஓர் ஏரியில் மத்தியானம் அளந்துவிட்டு நல்ல தண்ணீர் என்று எழுதிவைத்தேன். அங்கே மீன் பிடிப்பவர் சொன்னார்: "பகல்ல வந்தா என்னங்க தெரியும்? வெடியால வந்து பாருங்கக்கா, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்கும்." மறுநாள் சூரியன் எழும் முன்னே போனேன். முந்தின நாள் காப்பி நிறத்தில் இறங்கிய அதே படிவு, அன்றைக்கு ஏறக்குறைய வெள்ளையாக நின்றது. பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவெல்லாம் அதையே உள்ளே இழுக்கும். ஏரியின் உண்மை நிலை விடியலுக்கு முந்தைய அளவில்தான் இருக்கிறது. மீன்வளத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் லிட்டருக்கு 4 மில்லிகிராமை அந்த நேரத்து அளவோடு ஒப்பிடுங்கள்.

மிச்சத்தைக் கரையிலோ லேப் தொட்டியிலோ ஊற்றாதீர்கள். அசைடு விஷம். செம்பு அல்லது ஈயக் குழாயில் தங்கினால் வெடிக்கவும் கூடும். பயன்படுத்தாமல் மீந்த அசைடு-அயோடைடு கரைசலில் அமிலத்தைக் கலக்கவே வேண்டாம், நச்சு வாயு வரும். தனிக் கேனில் சேர்த்து, மேலே பெயர் எழுதி, கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.