'தௌ' வந்தால் எப்படிப் படிப்பது? பழைய ஆங்கிலத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஷேக்ஸ்பியர் நாடகத்தையோ, 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளையோ முதல்முறை கையில் எடுப்பவர்கள் பெரிய பெரிய சொற்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அதற்கெல்லாம் பக்கத்தின் அடியிலேயே பொருள் போட்டிருப்பார்கள். உண்மையில் காலை வாருவது 'தௌ' என்ற குட்டிச் சொல். ஜெபத்தில் கடவுளை இப்படி அழைப்பதால், இது 'தாங்கள்', 'தேவரீர்' போல உச்சபட்ச மரியாதைச் சொல் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் தலைகீழ். 'தௌ' என்றால் வெறும் 'நீ'.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இன்றைய ஆங்கிலக்காரருக்கு நீ, நீங்கள் என்ற வித்தியாசத்தையே முதலில் புரியவைக்க வேண்டும். நாம் அதிலேயே வளர்ந்தவர்கள். எந்தச் சொல் எதற்கு என்று பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 1: சொற்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்

ஒருமையில் நான்கு வடிவங்கள். 'தௌ' என்றால் நீ. 'தீ' என்றால் உன்னை, உனக்கு. 'தை' என்றால் உன். 'தைன்' என்றால் உன்னுடையது. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'தை' இருக்க வேண்டிய இடத்திலும் 'தைன்' வரும். உன் பெயர் 'தை நேம்', உன் கண்கள் 'தைன் ஐஸ்'. 'எ', 'ஆன்' மாறுவது போலத்தான்.

பன்மையில் 'யீ' என்றால் நீங்கள், 'யூ' என்றால் உங்களை, உங்களுக்கு. ஆமாம், இன்று எல்லா இடத்திலும் நிற்கிற 'யூ' முதலில் எழுவாயே இல்லை. யோவான் சுவிசேஷத்தில் ஒரே வசனத்தில் இரண்டையும் பார்க்கலாம்: "யீ ஷல் நோ த ட்ரூத், அண்ட் த ட்ரூத் ஷல் மேக் யூ ஃப்ரீ." நீங்கள் சத்தியத்தை அறிவீர்கள், சத்தியம் உங்களை விடுதலையாக்கும். ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இந்த வித்தியாசம் கலங்கிப்போய், 'யூ' இரண்டு வேலையையும் பார்க்கத் தொடங்கிவிட்டது. அதனால் நாடகங்களில் இதைத் தேடி மெனக்கெட வேண்டாம்.

இடையில் ஒன்று. லண்டன் பக்கம் பழைய பாணிக் கடைப் பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று இருக்குமே, அந்த 'யீ' இது இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கு 'தார்ன்' என்று ஓர் எழுத்து இருந்தது. அச்சுக்காரர்கள் அதற்குப் பதிலாக ஒய் எழுத்தைப் போட்டார்கள். அங்கே எழுதியிருப்பது 'த' என்ற சாதாரணச் சொல்தான்.

படி 2: வினைச்சொல்லின் வாலைப் பாருங்கள்

'தௌ' வந்தால் வினைச்சொல் 'ஸ்ட்' என்று முடியும். ஹேவ் என்பது ஹாஸ்ட், டூ என்பது டஸ்ட், கேன் என்பது கேன்ஸ்ட், நோ என்பது நோவெஸ்ட். இதற்கு அடங்காதவற்றில் முக்கியமானவை மூன்று: ஆர்ட், ஷால்ட், வில்ட். 'தௌ ஆர்ட்' என்றால் நீ இருக்கிறாய். பத்துக் கட்டளைகளில் வரும் 'தௌ ஷால்ட் நாட்' இந்த வகைதான்.

'எத்' என்று முடிவது வேறு. கம்மெத், ஹாத், டத் எல்லாம் அவன், அவள், அது என்பதற்கு உரியவை. பழைய வாசனை வேண்டும் என்று 'தௌ கம்மெத்' எனப் போடும் மீம்கள் ஏராளம். 'நீ வருகிறான்' என்று எழுதியது மாதிரிதான் அது.

இந்த இரண்டு படியை வைத்தே உலகப் புகழ்பெற்ற ஒரு வரியை உடைத்துவிடலாம். "வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ?" ஆர்ட் தௌ என்றால் நீ இருக்கிறாய். வேர்ஃபோர் என்பதற்கு அர்த்தம் 'ஏன்', 'எங்கே' அல்ல. ஜூலியட் இருட்டில் அவனைத் தேடவில்லை. பகைக் குடும்பத்துப் பிள்ளையாகிய ரோமியோவாக நீ ஏன் இருக்கிறாய் என்று புலம்புகிறாள்.

படி 3: நூல் எந்தக் காலத்தது என்று பாருங்கள்

ஆதி ஆங்கிலத்தில் மரியாதைக் கணக்கே கிடையாது. ஒருவர் என்றால் 'தௌ', அவர் ராஜாவானாலும் சரி. பலர் என்றால்தான் பன்மை. 1066-ல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் மேல்தட்டில் பிரெஞ்சு கோலோச்சியது. பிரெஞ்சில் பெரியவர் ஒருவரையே பன்மையில் அழைக்கும் வழக்கம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்திலும் அது பரவியது.

ஷேக்ஸ்பியர் காலத்துக்கு வந்தால் ஏறக்குறைய நம் ஊர்க் கணக்கு. எஜமான் வேலைக்காரனை 'தௌ' என்பார், வேலைக்காரன் 'யூ' என்பான். அப்பா பிள்ளை, ராணி தாதி எல்லாம் அப்படியே. பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் 'யூ' என்பார்கள். எளிய மக்கள் தங்களுக்குள் 'தௌ' என்பார்கள். காதலர் தனியாக இருக்கையில் 'தௌ'. கடவுளுக்கும் 'தௌ'. "முருகா, நீதான் காப்பாத்தணும்" என்று சொல்கிறவர் முருகனை மட்டம் தட்டுவதில்லையே.

படி 4: யார் யாரிடம் பேசுகிறார், எங்கே மாறுகிறார்?

சுவாரஸ்யமான இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஒருவர் 'தௌ' என்பதைவிட, 'யூ' என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று 'தௌ'வுக்குத் தாவுவதிலும், அங்கிருந்து திரும்புவதிலும்தான் சேதி இருக்கிறது.

ஹேம்லெட் நாடகத்தின் மூன்றாம் அங்கம், நான்காம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா செத்ததும் சித்தப்பாவைக் கட்டிக்கொண்ட அம்மாவைப் பார்க்க ஹேம்லெட் வருகிறான். அம்மா தொடங்குகிறாள்: "ஹேம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்." உன் அப்பாவை நீ ரொம்பப் புண்படுத்திவிட்டாய். அவள் சொல்லும் அப்பா புதுக் கணவன். மகன் திருப்பிக் கொடுக்கிறான்: "மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்." அவன் சொல்லும் அப்பா செத்துப்போனவர். மகன் 'யூ' போட்டதில் ஆச்சரியமில்லை, அது முறை. அடுத்த வரியில் அம்மாவும் 'யூ'வுக்கு மாறுகிறாள், கவனியுங்கள். மகன்மேல் கோபம் வந்தால் நம் வீட்டு அம்மா "சார் ரொம்பத்தான் பேசுறீங்க" என்பாளே, அதே தொனி. அப்புறம் பேச்சு முற்றுகிறது. எழுந்து போகப் பார்த்தவளை ஹேம்லெட் மடக்கி உட்காரவைக்கிறான். அவளுக்குப் பயம் வந்துவிடுகிறது: "வாட் வில்ட் தௌ டூ? தௌ வில்ட் நாட் மர்டர் மீ?" என்ன செய்யப்போகிறாய், என்னைக் கொன்றுவிட மாட்டாயே? பயத்தில் அந்த விறைப்பு 'யூ' உதிர்ந்து, பெற்ற பிள்ளையிடம் பேசும் 'நீ' திரும்பிவிட்டது. தமிழில் படிப்பவருக்கு இது ஒரு நொடியில் பிடிபடும். பள்ளியில் பாடமாகப் படிக்கும் ஆங்கிலேயப் பையனுக்கு வாத்தியார் எடுத்துச் சொல்ல வேண்டும்.

'தௌ' வினைச்சொல்லாகவும் வேலை செய்யும், ஒருமையில் பேசுவது என்ற பொருளில். ட்வெல்ஃப்த் நைட் நாடகத்தில் சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப் போகிறவனுக்கு சர் டோபி சொல்லும் யோசனை: மூன்று தடவை 'தௌ' போட்டு எழுது, தப்பில்லை. நாடகத்துக்கு வெளியிலும் இது நடந்தது. 1603 நவம்பரில் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலேயின் மீது ராஜதுரோக வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் கத்தினார்: "ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்!" உன்னை ஒருமையில்தானடா கூப்பிடுவேன், துரோகி! ஒரு பெரிய மனிதரை எல்லோர் முன்னாலும் 'வாடா போடா' என்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் தோண்டாதீர்கள். சந்தத்துக்காகவும் எதுகைக்காகவும் மாறிய இடங்கள் உண்டு. காட்சியின் உணர்ச்சி கூடவே திரும்பினால் மட்டும் அர்த்தம் தேடுங்கள் என்பது என் கட்சி.

படி 5: பைபிளில் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்

கிங் ஜேம்ஸ் பைபிளில் 'தௌ'வுக்கு மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான். பிதாவுக்கும் 'தௌ', சாத்தானுக்கும் 'தௌ'. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை, பன்மை தனித்தனி என்பதால் மொழிபெயர்ப்பிலும் அதைக் காப்பாற்றினார்கள். கர்த்தருடைய ஜெபத்தை "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்று தமிழில் பெயர்த்தவர்கள் 'நீர்' போட்டு மரியாதை சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் அங்கே இருப்பது 'தை நேம்'. நேராகச் சொன்னால் உன் நாமம்.

லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோனிடம் பேசும் இடத்தை இதற்காகவே ஒருமுறை பாருங்கள். சாத்தான் 'யூ'வைப் புடைக்கக் கேட்டுக்கொண்டான், நானோ 'தீ'க்காக வேண்டிக்கொண்டேன். முதலாவது சீடர்கள் எல்லோரும், இரண்டாவது சீமோன் மட்டும். தமிழ் பைபிளில் 'உங்களை', 'உனக்காக' என்று தெளிவாக இருக்கும். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே 'யூ' ஆகி, அடிக்குறிப்புப் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

படி 6: 1650-க்குப் பிந்தைய நூலா? யார் எழுதியது என்று பாருங்கள்

17-ஆம் நூற்றாண்டில் 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து நழுவத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஜார்ஜ் ஃபாக்ஸின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஆளைப் பன்மையில் அழைப்பது பொய், முகஸ்துதி என்பது அவர்கள் வாதம். நீதிபதிக்கும் தொப்பியைக் கழற்றாமல் 'தௌ'தான். அடியும் வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். பின்னாளில் அவர்கள் பேச்சில் 'தீ' என்பதே எழுவாயாகிவிட்டது. குவேக்கர் பாத்திரம் 'தீ இஸ்' என்று பேசினால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கத்துப் பாத்திரம் 'தா' என்றால் அதுவும் இதே சொல்தான். அங்கே வட்டார வழக்கில் பிழைத்துக்கிடக்கிறது.

மற்றபடி 18-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு 'தௌ' வந்தால் பெரும்பாலும் கவிதை அல்லது ஜெபம். 1952-ல் முழுமையாக வெளிவந்த ஒரு திருத்திய ஆங்கில பைபிள் மனிதருக்கெல்லாம் 'யூ' போட்டுவிட்டு, கடவுளை அழைக்கும்போது மட்டும் 'தௌ'வை விட்டுவைத்தது. 'நீ' என்ற சொல் 'தேவரீர்' ஆன கதை இப்படித்தான்.

பயிற்சி

தாகூர் 1912-ல் வெளியிட்ட ஆங்கில கீதாஞ்சலியின் முதல் வரி: "தௌ ஹாஸ்ட் மேட் மீ எண்ட்லெஸ், சச் இஸ் தை ப்ளெஷர்." முதலில் நீங்களே தமிழில் சொல்லிப் பாருங்கள். காலம் 1912, பேசப்படுவது கடவுளிடம், ஆகவே ஆறாம் படி. ஹாஸ்ட் என்பது ஹேவ், தை என்பது உன்.

விடை: "நீ என்னை முடிவற்றவனாக்கினாய், அதுவே உன் விருப்பம்." 'நீர்' போட்டிருந்தாலும் மதிப்பெண் உண்டு. இதே கவிதையில் அடுத்து எம்ப்டியெஸ்ட், ஃபில்லெஸ்ட் என்று இரண்டு வரும். வாலை வெட்டிவிட்டுப் படியுங்கள்.