நோயுற்ற வளர்ப்புப் பறவையின் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் நாய் வளர்க்க வசதியில்லாத பல குடும்பங்கள் லவ் பேர்ட்ஸையோ கொக்கட்டீலையோ ஆசையாக வளர்க்கின்றன. அவற்றுக்கு நோய் வரும்போது, நாய் பூனைக்குப் பார்ப்பதுபோல இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடுவதுதான் முதலாவது தவறு. உயிரிழப்புகள் பலவற்றுக்கும் அதுவே காரணம்.

பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் என்பதால், பறவை தன் நோயை இயன்றவரை மறைத்துக்கொள்ளும். இறகுகளை உப்பவைத்துக்கொண்டு கூட்டின் அடியில் உட்காரும் நிலைக்கு அது வந்துவிட்டால், நோய் தொடங்கியது நேற்றோ இன்றோ அல்ல. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடுவதும், வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குவதும் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள். பெண் பறவை வயிறு வீங்கி முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். அதுவும் அவசர நிலையே. லவ் பேர்ட்ஸ் என்று இங்கே விற்கப்படும் பட்ஜி ஒன்றின் எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம் வரைதான். அதில் 4 கிராம் குறைந்தாலே உடலின் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். இறகு மூடியிருப்பதால் அந்த மெலிவு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைப்பது நல்லது. விரலால் மெதுவாகத் தடவும்போது நெஞ்செலும்பு கத்தி முனைபோலக் கூராகத் தட்டுப்பட்டால், தசை கரைந்திருக்கிறது.

அடுத்த தவறு, பறவை வாங்கிய கடையிலோ பாமசியிலோ கேட்டு, கப்சூலைப் பிரித்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் கரைத்து வைப்பது. எவ்வளவு சொன்னாலும் இந்தப் பழக்கம் குறையவில்லை என்பது வருத்தம் தருகிறது. நோயுற்ற பறவை தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். மருந்தின் கசப்பு சேர்ந்தால் அதையும் விட்டுவிடும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பது யாருக்கும் தெரியாது. நோய் பக்டீரியாவால் வந்ததா, பூஞ்சையால் வந்ததா, ஒட்டுண்ணியால் வந்ததா என்று தெரியாமல் கொடுக்கும் அன்டிபயோட்டிக், பூஞ்சை நோயாக இருந்தால் நிலைமையை மோசமாக்கவும் கூடும். அதோடு, பின்னர் வைத்தியர் எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது, அரைகுறையாக அடங்கிய கிருமி பரிசோதனையில் அகப்படாமலும் போகலாம். மனிதருக்கான பனடோலை நொறுக்கிக் கொடுப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

கொத்தமல்லித் தண்ணீரையோ குளுக்கோஸையோ சிரிஞ்சியால் வாயில் ஊற்றுவதும் ஆபத்தானது. பறவையின் மூச்சுக்குழல் வாய்க்குள் நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னாலேயே திறக்கிறது. சோர்ந்த பறவைக்குள் ஊற்றும் திரவம் எளிதாக நுரையீரலுக்குப் போய்விடும். வீட்டில் செய்யக்கூடிய உண்மையான முதலுதவி சூடு. ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தி, கூட்டின் ஒரு பக்கத்தில் மாத்திரம் பல்பு வைத்து, அந்தப் பக்கம் 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சூடு கூடினால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். வழக்கமான தீனியைப் பறவைக்கு எட்டும் தூரத்தில், தாழ்வாக வையுங்கள்.

எல்லா மிருக வைத்தியர்களும் கூண்டுப் பறவைகளைப் பார்ப்பதில்லை என்பதை நோய் வந்த பிறகு கண்டுபிடிப்பவர்களே அதிகம். பறவை நலமாக இருக்கும்போதே இரண்டு மூன்று கிளினிக்குகளுக்கு அழைத்து, பறவைகளைப் பார்ப்பார்களா, பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் திறந்திருக்குமா, ஒட்சிசன் கொடுக்க வசதியுண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்துக்குப் போதனா வைத்தியசாலை உண்டு. ஆனால் மூச்சுத் திணறும் பறவையை நூறு கிலோமீற்றருக்கு மேல் கண்டி வீதியில் கொண்டுபோவதைவிட, கொழும்பிலேயே அதன் நிலையைச் சீராக்கிவிட்டு, பார்த்த வைத்தியரின் ஆலோசனைப்படி அனுப்புவதே சரி.

கொண்டுபோகும்போது தண்ணீர்ப் பாத்திரத்தையும் ஆடும் ஊஞ்சலையும் எடுத்துவிட்டு, காற்றுப் போக இடம்விட்டுத் துணியால் மூடுங்கள். பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்சு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. எனவே அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வைத்தியர் பார்க்கப்போகிறார் என்ற கூச்சத்தில் கூட்டைக் கழுவிவிடாதீர்கள்! எச்சம் படிந்த தாள்தான் அவருக்கு முதல் சான்று. எச்சத்தின் நிறம், அதிலுள்ள வெள்ளைப் பகுதி, நீரின் அளவு ஆகியவை ஈரல், சிறுநீரகம், குடல் பற்றிச் சொல்லும்.

வைத்தியரிடம் எதையும் மறைக்கக் கூடாது. சூரியகாந்தி விதை மட்டுமே கொடுத்தோம், புதுப் பறவையை அன்றே பழைய கூட்டில் விட்டோம், அதே அறையில் நுளம்புச் சுருள் கொளுத்தினோம், ஒட்டாத சட்டி அடுப்பில் தீய்ந்தது என்பவையெல்லாம் நோயறிய உதவும் தகவல்கள். ஒட்டாத பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகும்போது எழும் புகை சிறு பறவைகளை நிமிடங்களிலேயே கொல்லும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தால், பறவை வளர்ப்பதை உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள். லவ் பேர்ட்ஸ், கொக்கட்டீல் உட்படக் கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிற்றக்கோசிஸ் அப்படித்தான் தொடங்கும். அந்நோய் கண்ட பறவைக்கு மருந்து வழக்கமாக 45 நாட்கள் தொடர வேண்டும். பறவை பத்தாம் நாள் பாடுகிறதே என்று நிறுத்தினால் கிருமி உடலிலேயே தங்கிவிடும்.

எல்லாம் செய்தும் பறவை இறந்துவிட்டால், அதே கூட்டில் வேறு பறவைகள் இருக்குமாயின், உடலை உடனே புதைத்துவிடாதீர்கள். இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, உணவோடு சேராமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிரேதப் பரிசோதனை செய்யலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். உறையவைத்தால் திசுக்கள் சிதைந்து காரணம் தெரியாமல் போய்விடும் என்பதால் ஃபிரீசரில் வைக்க வேண்டாம்.